பெரியத்தையின் தொழில் கட்டத்தில் ஒரு கோடு

எங்கள் குடும்ப வரலாறு புத்தகமாக வரப்போகிறது. தொகுத்தவர் பெரியப்பா மகன். போன வாரம் பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஒரே மூச்சில் வாசித்தேன். உபதேசியார் ஒருவர், வரிசையாக வாத்தியார்கள், கொழும்பில் கடை வைத்திருந்தவர், ரயில்வேயில் இருந்தவர் என்று ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பக்கம். பெண்கள் 'இன்னாரை மணந்தார்' என்பதோடு சரி. என் அப்பாவின் மூத்த அக்காவுக்கு, அதாவது பெரியத்தைக்கு, ஒன்றரை வரி. திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் திருமணம், பிள்ளைகள் நான்கு பேர்.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். ஆலயத்துத் திருமணப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார், அதில் இருப்பதுதானே வரும். நம் கோயில் கல்யாணங்கள் இன்றைக்கும் 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படிதான் நடக்கின்றன. பதிவேட்டின் கட்டங்களும் அந்தச் சட்டம் வகுத்தவை. தேதி, பெயர், வயது, முன்பு மணமானவரா இல்லையா, தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர், கையெழுத்துகள். தாய் பெயருக்குக் கட்டமே கிடையாது. பெரியத்தைக்கு நேரே தொழில் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. மாமாவுக்கு நேரே 'ஆசிரியர்'.

எனக்குக் கோபம் அந்தக் கோட்டின் மேல்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே கையில் காசு பார்த்தவர் பெரியத்தை. லேஸ் பின்னினார்.

இடையன்குடி என்றால் எல்லோரும் பிஷப் கால்டுவெல்லைத்தான் சொல்வோம். சரி, சொல்ல வேண்டியவர்தான். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல், 1847-ல் ஆரம்பித்து 1880-ல் பிரதிஷ்டையான கோயில், கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தது எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவர் மனைவி எலிசாவை எத்தனை பேருக்குத் தெரியும்? நாகர்கோவிலில் மிஷனரி ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள் அவர். அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் அம்மா மார்த்தா. 1844-ல் கல்யாணமாகி வந்த எலிசா, தேரிச் செம்மணலும் பனையும் தவிர வேறொன்றும் விளையாத இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார், அம்மாவிடம் கற்ற லேஸையும் சொல்லிக்கொடுத்தார். பனை வருமானம் சில மாதத்துக்குத்தான். பதநீர் நின்றுவிட்டால் வீட்டில் காசு நடமாட்டமும் நின்றுவிடும். அந்த மாதங்களில் அடுப்பெரியப் பெண்கள் கையிலிருந்த நூலும் ஒரு காரணம்.

சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது பெரியத்தை பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மடியில் உருட்டுத் திண்டு, அதன்மேல் புள்ளி குத்திய அட்டை, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். வலக்கைக் கட்டையை இடக்கைக்கும் இடக்கைக் கட்டையை வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார், கட்டைகள் மோதும் சத்தம் மழைத் தூறல் மாதிரி கேட்கும். கை வியர்த்தால் வெள்ளை நூலில் கறை ஏறிவிடும் என்று அடிக்கடி முகப்பவுடரைத் தடவிக்கொள்வார். எங்களைத் தொட விடமாட்டார். "ஏலே, பதநீர் குடிச்ச கையோட கிட்ட வராத!" வாங்கிப்போக வரும் ஆள் முழம் போட்டு அளப்பார், சின்னக் கறை கண்டாலும் விலையைக் குறைப்பார். நியாயமான விலை கொடுத்தாரா என்று கேட்டால் பெரியத்தை சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்தக் காசில்தான் பாளையங்கோட்டையில் என் அப்பாவுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் போனது. அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியத்தையின் கல்யாணச் சேலையும் அந்தக் காசுதான். கல்யாண போட்டோ ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. கோயில் படிக்கட்டில் குருவானவர், இரண்டு வீட்டார், நடுவில் மாமா கோட்டு போட்டு விறைப்பாக நிற்கிறார். பெரியத்தை தலையில் நெட் முக்காடு. அதன் விளிம்பு முழுக்கப் பூவும் இலையுமாக லேஸ், கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து ராத்திரி ராத்திரியாகத் தானே பின்னியது. மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசித்தாயிற்று, குருவானவர் ஜெபித்துக் கொடுத்த தாலியை மாமா கட்டியாயிற்று, அப்புறம் இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். தன் உழைப்பைத் தலையிலேயே போட்டுக்கொண்டு குனிந்து கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு நேரே, தொழில் இல்லை என்று ஒரு கோடு!

"எழுதாவிட்டால் என்ன, நமக்குத்தான் தெரியுமே" என்றார் ஒரு சித்தப்பா. நமக்குத் தெரியும், என் மகளுக்கு? பெரியத்தையின் அம்மா பெயர் என்ன என்று குரூப்பில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னார்கள், சண்டைதான் மிச்சம். கடைசியில் ஞானஸ்நானப் பதிவேடு காப்பாற்றியது. அதில் தாய், தகப்பன் இருவர் பெயரும் எழுதியிருந்தது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கல்யாணப் பதிவோடு நிறுத்தாமல் அதையும் கட்டாயம் பாருங்கள்.

இதில் பெரிய வேடிக்கை, நமக்கு இந்த வழக்கத்தைத் தந்த இங்கிலாந்தே மாறிவிட்டது. அங்கே 1837 முதல் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் மட்டும்தான் இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து தாய் பெயரும் சேர்கிறது. நாம் இன்னும் 1872-லேயே நிற்கிறோம். சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். தொழில் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதற்கு யார் அனுமதி வேண்டும்? தையல், பீடி, பனைநார்ப் பெட்டி, டியூஷன் எதுவானாலும் மணப்பெண் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சபையார் எழுத வேண்டும்.

நம் புத்தகத்தை மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். அண்ணனுக்கு போன் போட்டேன். பெரியத்தைக்கு ஒரு முழுப் பக்கம், நெட் தெரிகிற மாதிரி அந்த போட்டோ, கூடவே மற்ற அத்தைமார், ஆச்சிமார் என்ன வேலை செய்தார்கள் என்பதும் வேண்டும் என்றேன். "பக்கம் கூடும், அச்சுச் செலவு ஏறுமே தம்பி" என்றார். கூடுகிற செலவை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உறவுக்காரர்கள் யாரிடமாவது அந்தக் காலத்து லேஸ் துண்டு இருந்தால் தூக்கிப் போடாமல் ஒரு போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.