கிரானைட் ஊருக்கே கிரானைட் சட்டி

போன வருடம் ஒரு பாத்திரக் கடையில் என் மனைவியின் தலையில் "கிரானைட் சட்டி" ஒன்றைக் கட்டிவிட்டார்கள். "கெமிக்கலே கிடையாதுக்கா, இயற்கைக்கு நல்லது" என்றானாம் கடைப் பையன். கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவளிடம்! பர்கூர் பக்கம் போனால் கிரானைட்டைப் பாளம் பாளமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சட்டி குடைந்தால் தூக்க ரெண்டு ஆள் வேண்டும். இவள் வாங்கி வந்ததைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு ஓடலாம்.

உள்ளே அலுமினியம், மேலே புள்ளி தெளித்த நான்ஸ்டிக் பூச்சு. அவ்வளவுதான் கிரானைட். பெட்டியில் "பிஎஃப்ஓஏ இல்லாதது" என்று பச்சை இலை படத்தோடு போட்டிருந்தது. இந்த இலைதான் எனக்குப் பிடிக்காதது. பிஎஃப்ஓஏ என்பது டெஃப்லான் என்ற நான்ஸ்டிக் பூச்சின் தயாரிப்பில் பயன்பட்ட ஒரு துணைப்பொருள். மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் லேசில் அழியாது. 2019இல், லேசில் அழியாத நச்சுப் பொருட்களுக்கான உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. அதை எடுத்துவிட்டோம் என்பது சரி. ஆனால் பூச்சு அதே டெஃப்லான் வகைதானே? வெறும் சட்டியை அடுப்பில் வைத்து மறந்துபோய், சூடு 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும். இன்னும் ஏறினால் வரும் புகையில் கூண்டுக் கிளி செத்துப்போகும். தினமும் பொறுமையாக, சின்னத் தீயில் சமைக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சமைக்கிறவர்களை நான்தான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் களி கிண்டுவது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்வக்கோளாறில் அந்தச் சட்டியில் கிண்டிப் பார்த்தேன். நொய்யரிசி வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் குழி பறித்து, வேகவிட்டுத் துடுப்பை இறக்கினேன். களி கிண்டியவர்களுக்குத் தெரியும், அது தோளில் இருந்து வர வேண்டிய பலம். சட்டி அடுப்பை விட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. மனைவி துணியால் பிடித்துக்கொள்ள, நான் அழுத்த, துடுப்பு உரசிய இடத்தில் புள்ளியெல்லாம் போய் வெள்ளையாக ஒரு பிறை தெரிந்தது. உருண்டை பிடித்ததில் கறுப்பாக ஏதோ இருந்தது. கேழ்வரகு உமியா, பூச்சா? யாரும் சாப்பிடவில்லை.

ஏழெட்டு மாதத்தில் சட்டி தேறாது என்று ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்ச சாமான் சார், கைப்பிடி வேற பிளாஸ்டிக். பாதி விலைதான் வரும்" என்றார். பக்கத்திலேயே யாரோ போட்ட நசுங்கிய அலுமினியக் குண்டானை மறுபேச்சில்லாமல் தராசில் ஏற்றினார். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் எரிசக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். அதனால்தான் அதற்கு அந்த மரியாதை.

அன்றிலிருந்து நான் பெட்டியில் இருக்கும் பச்சை இலையைப் பார்ப்பதில்லை. பழைய இரும்புக்காரர் முழு விலைக்கு எடுப்பாரா, கெட்டால் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன். இந்தக் கணக்கில் முதலில் ஜெயிப்பது இரும்பு. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டு பழையது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். (பிறகு தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு அதையும் முந்திவிட்டது, அது வேறு வருத்தம்.) அப்படிப்பட்ட ஊரில் தோசைக்கல்லுக்குப் பூச்சு தேடுகிறோம். வார்ப்பிரும்புக் கல்லை வாங்கி, கஞ்சித் தண்ணீரில் ரெண்டு நாள் ஊறப்போட்டு, துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சுட வைத்து, அரை வெங்காயத்தால் தேய்த்துக்கொண்டே வந்தால் எண்ணெயே இறுகி ஒரு பூச்சாகிவிடும். போனால் மறுபடி நாமே போட்டுக்கொள்ளலாம். புளிக்குழம்பை மட்டும் இரும்புச் சட்டியில் விட்டுவைக்கக் கூடாது, கறுத்துப் பல்லைக் கூச வைக்கும்.

புளிப்புக்கு மண்சட்டி. புளிச்சகீரை கடைய அதைவிட ஒன்று இல்லை. ஆன்லைனில் வரும் பளபளப்பான மண்சட்டியை வாங்காதீர்கள், அந்த மெருகில் காரீயம் இருக்கலாம், அது விஷம். சந்தையில் தட்டிப் பார்த்து வாங்குங்கள், கணீரென்று கேட்க வேண்டும். கேஸ் கொஞ்சம் கூடத்தான் செலவாகும், அதை யாரும் சொல்வதில்லை.

கேஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பாத்திரம் எதுவானாலும் இயற்கைக்குப் பெரிய செலவு அடுப்பில்தான் நடக்கிறது. தண்ணீர் கொதித்த பிறகும் தீயைப் பெரிதாக வைத்தால் சூடு கூடாது, ஆவிதான் கூடும். மூடி போடுங்கள். ஓசூரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கொள்ளும் துவரையும் திறந்த பாத்திரத்தில் வேக அவ்வளவு நேரமாகும். குக்கர் வாங்குங்கள், ராத்திரியே ஊறப்போடுங்கள்.

அப்புறம், "கெட்ட தண்ணீரை நல்லதாக்கும்" என்று செம்புப் பானை, மண்பானை எல்லாம் விற்கிறார்கள். நிலத்தடித் தண்ணீரில் கலந்து பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு என்றால் என்னவென்று பல்லைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். அதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும், பானையை அல்ல.

இப்போது களி பழையபடி அம்மாவின் அலுமினியக் குண்டானில்தான். இருபத்தைந்து வருடமாகிறது, அடி ஒரு பக்கம் நசுங்கி அடுப்பில் லேசாக ஆடும், ஓடாது.

பரண்மேல் பாட்டியின் பித்தளைத் தவலை ஒன்று இருக்கிறது. உள்ளே பூசிய வெள்ளீயம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. காரீயம் கலக்காமல் சுத்தமான வெள்ளீயத்தில் பூசுகிறவர் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தைப் பொங்கலுக்குள் பூசி வாங்கிவிட வேண்டும்.