பாடம் நடத்துவது என்ன தண்டனையா?

எங்கள் பிசினஸ் ஸ்கூலில் மறுபடியும் அதே சுற்றறிக்கை. பெரிய ஆய்வு ஜர்னலில் கட்டுரை வந்தவருக்குப் பரிசு, அடுத்த வருடம் ஒரு பாடம் குறைப்பு. சிறந்த ஆசிரியருக்கு ஒரு கேடயம், கூடவே பாடம் நடத்த இன்னொரு செக்‌ஷன். வயிறு எரிகிறது. வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் பரிசு என்று ஒரு பிசினஸ் ஸ்கூலே கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது! வாயிலேயே வந்துவிடுகிறதே: ஆராய்ச்சி என்றால் 'நேரம்', கற்பித்தல் என்றால் 'பளு'.

குறைத்த பாடத்தை யார் எடுப்பது? செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது பிடித்து வரும் பகுதிநேர ஆசிரியர். கட்டணம் கட்டிய மாணவனுக்கு இது தெரியுமா?

ஆசிரியர்களை எடைபோடும் மதிப்பீட்டுப் படிவத்தில் ஆராய்ச்சி 40, கற்பித்தல் 40, நிர்வாகம் 20. சுத்தப் பொய். மாணவர் மதிப்பீட்டில் 5-க்கு 3.8 வந்தால் பிழைத்தாயிற்று, 4.7 வந்தாலும் பதவி உயர்வுக் குழு ஏறிட்டுப் பார்க்காது. பிசினஸ் ஸ்கூல்களைத் தரவரிசைப்படுத்த ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் வைத்திருக்கும் 50 ஜர்னல் பட்டியலில் எத்தனை கட்டுரை? இதுதான் முதல் கேள்வி. கட்டுரையைப் படிப்பதுகூட இல்லை, எண்ணுகிறார்கள்.

ஒரு கேஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை மாணவர்கள் அலசி விவாதிக்கும் பாடம், நடத்திப் பாருங்கள். மூன்று முறை படிக்க வேண்டும். பின்னிணைப்பு அட்டவணைகளை எக்செலில் போட்டு, கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். போர்டில் எது இடப்பக்கம், எது வலப்பக்கம், கடைசிப் பத்து நிமிடத்துக்கு எந்த மூலையைக் காலியாக விடுவது, 60 பேரில் முதலில் யாரை எழுப்புவது, எல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். வகுப்பு முடிந்த கையோடு யார் என்ன பேசினார் என்று மதிப்பெண் குறிக்காவிட்டால் பாதி மறந்துவிடும். 80 நிமிட வகுப்புக்கு இரண்டு நாள் உழைப்பு. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

கேட்டால், "நல்ல ஆய்வாளர் தானாகவே நல்ல ஆசிரியர்" என்பார்கள். ஹாட்டி, மார்ஷ் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 58 ஆய்வுகளைத் தொகுத்து 1996-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் உள்ள தொடர்பு, 1 என்றால் முழுத் தொடர்பு என்ற அளவில், 0.06. பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இந்த எண்ணைப் படிக்க ஆளில்லையா?

ஆராய்ச்சி வேண்டாம் என்று யார் சொன்னது? 1959-இல் கார்டன், ஹவல் என்ற பொருளாதார அறிஞர்களின் அறிக்கை அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களில் ஆய்வுச் சரக்கே இல்லை என்று சாடியது நியாயமான சாடல். அதற்காக வகுப்பையா பலி கொடுப்பது? சக ஆசிரியர் ஒருவர் வந்து பின்வரிசையில் உட்காரட்டும். வினாத்தாளை எடுத்துப் படிக்கட்டும். ஜர்னலுக்கு இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்கள், வகுப்புக்கு ஒருவர்கூடக் கிடையாதா?

அப்புறம், வகுப்பறையில் வைத்திருக்கும் நான்கு மார்க்கரில் ஒன்றாவது எழுதுகிறதா?