தொலைந்த ஒரு கோடு

குழுப்பரப்பல் (multicast) பற்றிய கட்டுரையைப் படித்தேன்; ஒருவர் ஒருமுறை அனுப்பும் தரவை வலையமைப்பே நகலெடுத்துக் குழுவினர் அனைவருக்கும் சேர்க்கும் முறை அது. 'குழுப்பரப்பலில் ஒரே தரவுப் பொட்டலம் (packet, தரவின் சிறு துண்டு) எல்லோரையும் சென்றடையும். சில தொலைந்தாலும் பாதகமில்லை' என்கிறது கட்டுரை. குரலை அனுப்புவதற்கு அது சரி. திரையில் வரைந்து காட்டும் வரைபலகைக்கு நிச்சயமாகச் சரியல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து மா விவசாயிகளுக்கு இணையவழியில் சொட்டுநீர்ப் பாசன வகுப்பு எடுக்கிறேன். நான் வரைந்த வால்வு ஒருமுறை தேன்கனிக்கோட்டையில் பார்த்தவர்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு கோடு போனால் படமே பொய்யாகிவிடுகிறது.

அதற்காக ஒவ்வொருவரும் 'வந்தது, வந்தது' என்று பதில் அனுப்பினால் அனுப்புநர் திணறிப்போவார். 1995இல் சாலி ஃபிளாய்ட், வான் ஜேக்கப்சன் உள்ளிட்ட வலையமைப்பு ஆய்வாளர்கள் வெளியிட்ட எஸ்.ஆர்.எம். (Scalable Reliable Multicast, பெரிய குழுவுக்கும் ஏற்ற நம்பகமான குழுப்பரப்பல்) முறை இதைத் தீர்த்த விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான். தொலைத்தவர் மட்டும் தற்செயலாக அமையும் சிறு நேரம் காத்திருந்து, குழு முழுவதற்கும் எட்டும்படி கேட்கிறார். அதே பொட்டலத்தைத் தொலைத்த மற்றவர்கள் உடனே தங்கள் கோரிக்கையை நிறுத்திவைக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ஒருவர் 'ரசம்' என்று குரல் கொடுத்தால் பக்கத்து இலைக்காரர் பேசாமல் இருப்பார் அல்லவா, அப்படி. சமையல்காரரே வந்து ஊற்ற வேண்டியதும் இல்லை. பொட்டலம் கைவசம் உள்ள எவரும் திருப்பி அனுப்பலாம்.

பொது இணையத்தில் பெரும்பாலான திசைவிகள் (router) குழுப்பரப்பலைக் கடத்துவதில்லை. அதனால்தான் இன்றைய கூட்டச் செயலிகள் வழங்கி (server) வழியே ஆளுக்கொரு நகல் அனுப்புகின்றன. கட்டுரையாளர் இதையும் சேர்த்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.