காசு வாங்காத கனவான்களும் ஒரு மருந்துக்கடைப் பையனும்

யார் எழுதியது, எந்தப் பதிவு என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ரெண்டு நாளாக எல்லோர் டைம்லைனிலும் அதுதான் சுற்றுகிறது. ‘காசு வந்துதான் விளையாட்டு கெட்டது, விக்டோரியா ராணி காலத்தில் ஓட்டத்தின் மேல் இருந்த காதலுக்காக மட்டுமே ஓடினார்கள்’ என்று உருகியிருக்கிறார். சரி, உருகட்டும். ஆனால் அதற்குக் கீழே ஒரு படம் போட்டிருக்கிறாரே, ஒல்லியான நெட்டை மனிதர், அவர் இங்கிலாந்து ஓட்டக்காரர் வால்டர் ஜார்ஜ். 1885இல் அமெச்சூர், அதாவது காசு வாங்காமல் ஓடுகிறவர் என்ற அந்தஸ்தை உதறிவிட்டுக் காசுக்கு ஓடப் போனவர்! பழைய ஓட்டக்காரர் யாராவது இருக்கட்டும் என்று தேடி, முதலில் வந்ததை எடுத்து ஒட்டியிருப்பார் போல.

இதை மரியாதையாகத்தான் கமெண்டில் சொன்னேன். வந்த பதில்: ‘உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே காசுதான்.’ அதற்கு லைக் போட்டவர்களில் காலையில் என்னோடு ஓடுகிறவர்களும் உண்டு. பார்த்தேன். பரவாயில்லை.

வால்டர் ஜார்ஜ் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. 1858இல் வில்ட்ஷயரில் உள்ள கால்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்ம வயதில் மருந்துக்கடையில் வேலை பழகப் போனார். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஒன்பது வரை கடை. அப்புறம் எங்கே போய் ஓடுவது? நின்ற இடத்திலேயே செய்ய ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்தார். தரையில் எட்டு அங்குல இடைவெளியில் ரெண்டு கோடு. ஒரு கோட்டில் ஒரு கால், இன்னொன்றில் மற்றது. முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, எடுத்த இடத்திலேயே பாதத்தை வைக்க வேண்டும். கோடு தப்பக் கூடாது. இப்படி மாற்றி மாற்றி நூறு முறை. ‘ஹண்ட்ரட் அப்’ என்று இன்றைக்கும் யூடியூபில் செய்து காட்டுகிறார்கள். பதினெட்டாயிரம் ரூபாய் ஷூ போட்டுக்கொண்டு செய்து காட்டுகிறார்கள், அது வேறு கதை. விடிந்ததிலிருந்து அடையும் வரை கடையில் நின்றவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான். ‘ஓட்டத்தின் மேல் காதல்’ என்று யாருக்காவது சொல்ல வேண்டுமானால் இவருக்குச் சொல்லுங்கள்.

1878இல் இவர் ஒரு மைலை 4 நிமிடம் 12 வினாடியில் ஓடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைய அமெச்சூர் சாதனை 4 நிமிடம் 24½ வினாடி. சிரித்தார்கள். 1884இல் அந்தச் சாதனையை 4:18.4க்கு இறக்கினார். அதே வருடம் ஒரு மணி நேர ஓட்டத்தில் 11 மைல் 932 கெஜம். அமெச்சூர்களில் இவரோடு மல்லுக்கட்ட ஆளே இல்லை. மல்லுக்கட்டக்கூடிய ஒரே ஆள், ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கம்மிங்ஸ், தொழில்முறை ஓட்டக்காரர். அவரோடு ஓட விடுங்கள், வரும் பணம் தர்மத்துக்குப் போகட்டும், எனக்கு வேண்டாம் என்று அமெச்சூர் தடகளச் சங்கத்திடம் கேட்டார் ஜார்ஜ். தனக்கு வேண்டாம் என்றுதான் கேட்டார். முடியாது என்றார்கள். காசு வாங்கி ஓடுகிறவனோடு ஒரே கோட்டில் நின்றாலே தீட்டு!

இந்த அமெச்சூர் விதி வந்த வழியையும் பாருங்கள். 1860களில் லண்டனில் அமெச்சூர் அத்லெடிக் கிளப் என்று ஒன்று வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே, கூலி வேலை செய்பவன், கைத்தொழில்காரன், மெக்கானிக் எவனும் அமெச்சூர் ஆக முடியாது என்று எழுதிவிட்டார்கள். அவன் ஒரு காசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. கையால் உழைத்தால் போதும், வெளியே. 1880இல் ஆக்ஸ்ஃபோர்டில் புதுச் சங்கம் பிறந்தபோது இந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசு விதி அப்படியே இருந்தது. படகுப் போட்டிக்காரர்கள் இன்னும் மேல். ஹென்லி என்ற ஊரில் நடக்கும் படகுப் போட்டியில் 1937 வரை அந்தக் கூலிக்காரன் விதியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்குப் புரிவதெல்லாம் இதுதான்: காசு வேண்டாம் என்று சொல்ல முதலில் வீட்டில் காசு இருக்க வேண்டும்.

‘அப்படியானால் கிரிக்கெட்டில்...’ என்று ஆரம்பிப்பவர்களுக்கும் ஒன்று. அந்தக் காலத்து இங்கிலாந்து கிரிக்கெட் நட்சத்திரம் டபிள்யூ. ஜி. கிரேஸ் ஆயுசு முழுக்க அமெச்சூர் கனவான். டாக்டர் வேறு. 1895இல் அவருக்காக ரசிகர்களிடம் திரட்டிய நிதி மட்டும் 9,000 பவுண்டுக்கு மேல். செலவுக்காசு, பயணப்படி எல்லாம் தனி. அவருடைய அமெச்சூர் அந்தஸ்தை யாரும் பிடுங்கவில்லை. கனவானுக்குக் கொடுத்தால் அன்பளிப்பு, மருந்துக்கடைப் பையன் கேட்டால் பேராசை. அப்படித்தானே?

எங்கள் ஊரில் பொங்கலுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். ஊரைச் சுற்றி ஓடி வந்து மாரியம்மன் கோயில் வாசலில் முடியும். பரிசு ரொக்கம், கவரில். ப்ளஸ் ஒன் படிக்கும்போது நான் முதலில் வந்தேன். அந்தக் கவரில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துதான் ஓடினேன். அம்மாவின் கம்மல் அடகில் இருந்தது. கவரைக் கொடுத்த பெரியவர் மைக்கில், ‘காசுன்ன உடனே பையன் என்னமா ஓடுறான் பாருங்க’ என்றார். கூட்டம் சிரித்தது. இரண்டாவதாக வந்தவன் ரைஸ்மில் வீட்டுப் பையன். தன் கவரைக் கோயில் உண்டியலில் போட்டான். அவனுக்குக் கைதட்டல், பொன்னாடை. நல்லவன்தான், இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம், இதைப் படித்தால் அவனும் சிரிப்பான். ஆனால் அவனைவிட நான் ஓட்டத்தைக் குறைவாகவா நேசித்தேன்? அப்படி எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

‘உங்கள் சொந்தக் கதையை வரலாற்றில் ஏன் கலக்கிறீர்கள்’ என்று கேட்பீர்கள். கலப்பேன். பதிவு என்னுடையது.

ஜார்ஜ் கடைசியில் காசுக்கு ஓடுகிறவர்கள் பக்கமே போய்விட்டார். 1886 ஆகஸ்ட் 23, லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானம், கம்மிங்ஸோடு ஒரு மைல். கடைசிச் சுற்றில் கம்மிங்ஸ் முந்தினார். ஜார்ஜ் விடாமல் போய்ப் பிடித்தார். கம்மிங்ஸ் கோட்டைத் தொடாமலே சுருண்டு விழுந்தார். ஜார்ஜின் நேரம் 4 நிமிடம் 12¾ வினாடி. எட்டு வருடத்துக்கு முன்னால் சிரித்தவர்களிடம் சொன்ன அதே பன்னிரண்டு. அதைவிட வேகமாக ஒருவர் ஓட 1915 ஆனது. அமெரிக்கர் நார்மன் டேபர், 4:12.6. அதாவது காதலுக்காக ஓடிய கனவான்கள் எல்லோரும் சேர்ந்து 29 வருடம் முட்டியும், ‘காசுக்காக’ ஓடியவரின் நேரத்தைத் தொட முடியவில்லை.

‘காசு வந்தால் சூது வரும்’ என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருந்தார். வந்தது. 1887இல் அதே லில்லி பிரிட்ஜில் ரெண்டு தொழில்முறை ஓட்டக்காரர்கள் ஓடாமலே போய்விட, டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் மைதானத்தையே கொளுத்தியது. எனக்கும் தெரியும். பந்தயம் கட்டியவர்கள் செய்த கூத்துக்கு ஓடுகிறவன் எல்லாம் திருடனா? இன்றைக்கு மட்டும் என்ன நடக்கிறது? மாரத்தான் பதிவுக் கட்டணம், பனியனில் நெஞ்சு நிறைய ஸ்பான்சர் பெயர், மேடையில் ஸ்பான்சர்களின் பேச்சு, அதிலெல்லாம் காசு நாறவில்லை. கிராமத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து ஜெயித்துவிட்டு, ‘பரிசுப்பணம் எப்ப சார் வரும்’ என்று கேட்கிறானே ஒரு பையன், அவன் கேட்கும்போது மட்டும் உங்களுக்கு மூக்கு சுளிக்கிறது. போன வாரம் நம் ஓட்டக் குழுவிலேயே ஒருவர் ‘இவனுங்க பேஷனுக்கு (passion) வரல’ என்றார். அதற்கும் லைக்.

நான் காசுக்கு வக்காலத்து வாங்கவில்லை. வாங்கினாலும்தான் என்ன? விக்டோரியா காலத்து அமெச்சூர் பந்தயங்களிலும் வாசலில் டிக்கெட் கிழித்தார்கள். ஜார்ஜ் ஓடுகிறார் என்றுதான் கூட்டம் வந்தது. கீழே வந்து ‘ஆனாலும்...’ என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள், அந்த டிக்கெட் காசு யார் பைக்குப் போனது என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.