‘கெட்’ என்றால் ‘பெறு’வாம்!

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்றிரவு ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்ற வாக்கியத்துக்கு நேராக ‘அது இருட்டைப் பெறுகிறது’ என்று எழுதியிருந்தாள். திட்டுவதற்கு வாயெடுத்த நான், அவள் பிரித்துக் காட்டிய கைடைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். கொட்டை எழுத்தில், ஒற்றைச் சொல்லில், ‘கெட் = பெறு’ என்று அங்கே அச்சிட்டிருக்கிறார்கள்.

இதையேதான் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்னையும் உருப்போட வைத்தார்கள். அதன் பலனை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அனுபவித்தேன். தொலைபேசியில் கால் மணி நேரம் ஒரு வேலையை விளக்கிய மேலதிகாரி ‘டிட் யூ கெட் இட்?’ என்று கேட்க, இன்னும் எதுவும் வந்து சேரவில்லை ஐயா என்று நான் பணிவோடு பதில் சொல்ல, பக்கத்து மேசைக்காரர்கள் அதை ஓராண்டுக் காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ‘புரிந்ததா’ என்று கேட்கவும் அந்தச் சொல் பயன்படும் என்று பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. இத்தனைக்கும் பள்ளியில் நாங்கள் அதிகம் கேட்ட ஆங்கிலமே ‘கெட் அவுட்’தான். வகுப்புக்கு வெளியே நின்ற எங்களில் ஒருவனுக்காவது, இதில் எதைப் பெறுகிறோம் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தச் சொல்லின் பிறப்பைச் சொல்லியிருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ‘கெட்’ ஆங்கிலேயர்களின் சொந்தச் சொல்லன்று; ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து, ‘கெட்டா’ என்ற வடிவில் வந்து, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. அடைதல், எட்டிப் பிடித்தல், பிள்ளை பெறுதல், ஊகித்தல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அப்போதே இருந்தன. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச்சொல் தனித்து நிற்காமல் கூட்டுச்சொற்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஃபர்கெட்’ அப்படி மிஞ்சியதுதான். பிடியை நழுவவிடுவது மறதியாயிற்று என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் விளங்காது? ஒரு நிலையை எட்டுவது என்று பிடித்துக்கொண்டால் ‘கெட்டிங் டார்க்’ இருட்டிக்கொண்டு வருகிறது என்றாகிவிடும். ‘கெட் வெல்’ நலமடைக என்றாகிவிடும். உருப்போட எதுவுமே மிஞ்சாது.

இதைவிட எனக்கு ஆத்திரமூட்டுவது, தமிழிலேயே இதற்கு இணையான ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதை யாரும் எடுத்துக்காட்டாததுதான். ‘வாங்கு’ என்ற வினையைப் பாருங்கள். கடையில் காய்கறி வாங்குகிறோம், வாத்தியாரிடம் அடி வாங்குகிறோம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கடல் உள்வாங்குகிறது, சொன்ன பேச்சிலிருந்து பின்வாங்குகிறோம், சோம்பேறியிடமும் வேலை வாங்குகிறோம். பழந்தமிழில் அது வில்லை வளைப்பதையும் இழுப்பதையும் குறித்தது. இந்த ஒரு வினையை ஐந்து நிமிடம் பேசிவிட்டு ‘கெட்’டுக்குப் போயிருந்தால் வகுப்பே கலகலத்திருக்கும். ‘ஹி காட் காட்’ (He got caught) என்றால் பிடிபட்டான். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்றால் முடி வெட்டிக்கொண்டேன். ‘படு’வும் ‘கொள்’ளும் நம் கையிலேயே இருக்க, ‘பெறு’வைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்?

‘கெட்’டின் முடிந்தகால வடிவமாக ‘காட்டன்’ (gotten) என்று அமெரிக்கர்கள் சொல்வதைத் தப்பு என்று அடித்துத் திருத்துகிறார்களே, அது தனிக் கொடுமை. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் புழங்கிய வடிவம் அது. பிரிட்டன் பெரும்பாலும் கைவிட்டது, அமெரிக்கா காப்பாற்றி வைத்திருக்கிறது. தேர்வுத்தாளில் எழுதினால் மட்டும் ஒரு மதிப்பெண் போய்விடும்.

இத்தனையையும் மகளிடம் அரை மணி நேரம் சொல்லி முடித்தேன். ‘புரியுதுப்பா, ஆனா டெஸ்ட்ல பெறுன்னு எழுதினாத்தான் டிக் போடுவாங்க’ என்று சொல்லிவிட்டு அவள் கைடின் அடுத்த வரிக்குப் போனாள். ‘டேக் = எடு’ என்று போட்டிருந்தது. அதுவும் அதே வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல்தான். நாளைக்கு ‘டேக் கேர்’ என்பதற்கு ‘கவனத்தை எடு’ என்று எழுதி, அதற்கும் ஒரு டிக் வாங்கிக்கொண்டு வருவாள்.