“சார் வரல” என்று கேட்டதற்கு இவ்வளவு சிரிப்பா?

முந்தாநாள் வகுப்புக் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஸ்கிரீன்ஷாட் வேறு சுற்றுகிறது, அதனால் முழுக்கதைக்குள் போகவில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியைப் புதிதாகப் படிக்கும் ஒரு பெண் தன் நிரல் ஓடவில்லை என்று கேட்டாள், மூன்று பையன்கள் அவளை நக்கலடித்தார்கள். அந்தப் பையன்களைக் கண்டித்ததற்கு, “நீங்கள் பைத்தானை மட்டும் நடத்துங்கள் சார், மரியாதை வகுப்பை யார் கேட்டது?” என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். சரி, நடத்துகிறேன்.

அந்தப் பெண் எழுதியது ஐந்தே வரி. வயதை வாங்கி 18-ஓடு ஒப்பிட வேண்டும். இன்புட் என்ற கட்டளை எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாகத்தான் தரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றாமல் பெரிதா சிறிதா என்று கேட்டால் டைப்எரர், அதாவது வகை பொருந்தவில்லை என்ற பிழை. முதல் மாதத்தில் எல்லோரும் விழுகிற குழிதான். நக்கலடித்த மூன்று மகான்களும் போன வருஷம் அதே குழியில் கிடந்தார்கள், தூக்கிவிட்டது நான். இப்போது அவர்கள் போட்டது வரிசையாகச் சிரிப்பு எமோஜி. விடை ஒருவரும் சொல்லவில்லை.

அவள் கேட்ட விதம் சரியா? இல்லை. திரையைச் சாய்வாக எடுத்த போட்டோ, கூடவே “சார் வரல”. எது வரல? என்ன பிழை என்பதைப் பைத்தான் கடைசி வரியில்தான் சொல்லும், அந்த வரியே போட்டோவில் இல்லை. ஆனால் நிரலை எழுத்தாக ஒட்டு, என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது என்று எழுது என்றெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் சொல்லவில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் வரைக்கும் பாடத்தை ஓட்டிவிட்டேன், கேள்வி கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. கேள்வியை அப்படி விவரமாக எழுத உட்கார்ந்தாலே பாதிப் பிழை கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் சொல்கிறேன், இதுவும் நிரலாக்கப் பாடம்தான்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1995 அக்டோபரிலேயே, இணையப் பொறியாளர்கள் வெளியிடும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 1855 என்று இணைய நாகரிகத்துக்கு ஓர் ஆவணம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கேபிடல் எழுத்தில் அடித்தால் கத்துவது போலிருக்கும் என்பது அதில் உண்டு. நாம் அனுப்புவதில் அடக்கம் வேண்டும், நமக்கு வருவதைத் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் உண்டு. நம் ஆட்கள் அதை அப்படியே தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

“வேலைக்குப் போனால் இதைவிட மோசமாகத் திட்டுவார்கள், இப்போதே பழகட்டும்” என்கிறார் ஒரு நண்பர். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவன்தான் நானும். திட்டு வாங்கிப் பழகியவன் தப்பை மறைக்கத்தான் பழகுகிறான். நான் படிக்கும்போது, 10 கொடுத்தால் லூப் ஏன் 9-லேயே நின்றுவிடுகிறது என்று ஒரு சீனியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டு என் திரையைக் காட்டினார். அப்புறம் ஒரு வருஷம் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது, நீங்கள் என்னடாவென்றால் “ஜோக்குதானே சார்” என்கிறீர்கள்.

ஏஐயிடம் கேட்டால் போதுமே என்பவர்களுக்கு: அதனிடமும் “வரல” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

நான் இன்ட் போட்டுத் திருத்திப் பதில் அனுப்பியபோது அவள் குழுவிலேயே இல்லை. தனியாக அனுப்பிப் பார்த்தேன். இரண்டு நாளாக ஒற்றை டிக்தான்.