ராஜாஜி 1952-ல் ஓசூரில் நின்று ஜெயித்தாரா?

'தொரப்பள்ளி தந்த ராஜாஜி, 1952-ல் ஓசூர் தொகுதியில் வென்று முதல்வரானார்' என்று ஒரு படம் கிருஷ்ணகிரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இதில் பாதிதான் சரி. ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் அவர். அப்பா அந்த ஊர் முன்சீப். பிறந்த வீடு இன்று நினைவு இல்லம்.

ஆனால் 1952 தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவே இல்லை. அந்தத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லாமல் கட்சி திணறியபோதுதான் ராஜாஜியை அழைத்தார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கினார். சட்டமன்றத்தின் எந்த அவையில் இருந்தாலும் முதல்வராகலாம் என்பதால் அந்த ஏப்ரலில் பதவியேற்றார். மக்களைச் சந்திக்காமல் வருவது முறையா என்று அப்போதே கடும் எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போனது, தள்ளுபடியானது. அந்த வாதத்தையே இந்தப் படம் மறைத்துவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அவர் தேர்தலில் வென்றதே இல்லையா? 1937-ல் வென்றார், அதுவும் பட்டதாரிகள் வாக்களிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில்.

அப்புறம், அந்தப் படத்திலேயே உள்ள 'கிருஷ்ணகிரி மாவட்டத்து முதல்வர்' என்ற வரி. அவர் ஆண்ட காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி 1965-லும், கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டங்களாயின.